பனையின் கணக்கு வேறு, பார்த்தீனியத்தின் கணக்கு வேறு

(கடலூரில் மாணவர்களும் விவசாயிகளும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த அரங்குக்கு வருகிற வழியில், சாலையோரக் குப்பைமேட்டில் வெள்ளையாகப் பூத்து நிற்கிற பார்த்தீனியத்தைப் பார்த்திருப்பீர்கள். சூழல் வாய்த்தால் முளைத்த ஒன்றரை மாதத்திலேயே பூத்துவிடும். ஒரே செடி 15,000 விதைக்கு மேல் உதிர்த்துவிட்டுச் சில மாதங்களில் காய்ந்து போகும். ஊரைத் தாண்டினால் ஏரிக்கரையில் பனை நிற்கிறது. அது முதல் பாளை விடவே 12 முதல் 20 ஆண்டு ஆகும். அப்புறம் தலைமுறை தாண்டியும் நின்று காய்க்கும். சீக்கிரம் பூத்து, ஆயிரக்கணக்கில் விதை கொடுத்து, நூறு வருஷமும் வாழ்கிற செடி ஏன் இல்லை? இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இலை தயாரிக்கிற சர்க்கரைக்கு அளவு உண்டு. விதைக்குப் போனது வேருக்குப் போகாது. மாமரம் ஒரு வருஷம் காய்த்துத் தள்ளிவிட்டு மறு வருஷம் வெறும் இலையோடு நிற்பதைத் தோப்பு வைத்திருக்கிறவர்கள் அறிவீர்கள்.

விதையிலும் இதே பங்கீடுதான். பார்த்தீனிய விதை தூசி அளவு. வண்டிச் சக்கரத்துச் சேற்றில் ஒட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போய்விடும். பனையோ தன் பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டி அனுப்புகிறது. மண்ணில் விழுந்த கொட்டையிலிருந்து குழாய் போல ஒன்று நேராகக் கீழே இறங்கும். நாம் அவித்துத் தின்கிற கிழங்கு அங்கேதான் உருவாகிறது. மேலே ஒரு பச்சை ஓலை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே கீழே கிழங்கு திரண்டுவிடும். முளைவிட்ட கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக, இனிப்பாக இருக்குமே, அது கொட்டைக்குள் இருக்கிற சோற்றை உறிஞ்சிக் கீழே அனுப்புகிற உறுப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு கொடுக்கிற மரத்தால் பார்த்தீனியம் போல ஆயிரக்கணக்கில் பெற முடியாது.

சரி, எந்த வழி லாபம்? 1954-ல் அமெரிக்க உயிரியலாளர் லமான்ட் கோல் ஒரு கணக்குப் போட்டார். சாகாமல் வருஷா வருஷம் 100 விதை போடுகிற செடியும், ஒரே வருஷத்தில் 101 விதை போட்டுவிட்டுச் செத்துப் போகிற செடியும் ஒரே வேகத்தில் பெருகும் என்று விடை வந்தது. ஒரு விதை கூடப் போட்டால் போதும் என்றால் எந்த மரமும் நூறாண்டு நிற்க வேண்டியதே இல்லையே!

1973-ல் எரிக் சார்னோவும் வில்லியம் ஷாஃபரும் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். கோல் கணக்கில் கன்றுகளுக்குச் சாவே இல்லை. நிஜத்தில் அப்படியா? ஆயிரம் விதையில் ஒன்றுதான் அடுத்த வருஷம் வளர்ந்த செடியாக நிற்கிறது, வளர்ந்தவற்றில் பத்துக்கு ஒன்பது பிழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 0.9-ஐ 0.001-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு வருஷச் செடி ஈடுகட்ட வேண்டுமானால் கூடுதலாக 900 விதை போட வேண்டும்! சாவு இளசுகள் மேல் விழுகிறதா, முதிர்ந்தவை மேல் விழுகிறதா என்பதைப் பொறுத்தே செடியின் வாழ்க்கை அமைகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

இது காகிதத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கையால் நமக்குப் பழக்கமான மாதவ் காட்கில், 1972-ல் ஓட்டோ சோல்பிரிக்குடன் சேர்ந்து அமெரிக்காவில் டான்டெலியன் என்ற மஞ்சள் பூச்செடியை ஆராய்ந்தார். மிதிபட்டும் வெட்டுப்பட்டும் கிடந்த இடத்துச் செடிகள் பூவுக்கும் விதைக்கும் அதிகப் பங்கு ஒதுக்கின. தொந்தரவு குறைந்த இடத்துச் செடிகள் இலைக்கு ஒதுக்கின. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வளர்த்தபோதும் அந்த வேறுபாடு மாறவில்லை. அதாவது அது வம்சத்திலேயே ஊறியது. முதிர்ந்த செடி அடிக்கடி சாகிற இடத்தில், அவசரமாகப் பூக்கிற வம்சமே மிஞ்சுகிறது.

முதிர்ந்த மரங்கள் மொத்தமாகச் சாவது எப்படி இருக்கும் என்று இந்த மாவட்டத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30, தானே புயல். முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. புதிதாக வைத்த பலாக்கன்று காய்ப்பதற்கு எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்பதைப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. வயலில் போய் அளந்தால், நிறைய விதை போட்ட செடியே நன்றாகப் பிழைத்தும் இருக்கும். அப்போது இந்தக் கொடுக்கல் வாங்கலே பொய்யோ என்று தோன்றும். வான் நோர்ட்விக், டி யோங் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1986-ல் இதற்கு விளக்கம் கொடுத்தார்கள். நல்ல மண்ணும் தண்ணீரும் கிடைத்த செடிக்கு வரவு பெரிது. அது இரண்டு பக்கமும் தாராளமாகச் செலவழிக்கும். வரவு சமமாக இருக்கிற செடிகளை ஒப்பிட்டால்தான் ஒன்றுக்காக இன்னொன்று விட்டுக்கொடுக்கப்படுவது தெரியும். ஆய்வுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

இனி நம் ஏரிக்கரைக்கு வருவோம். ஜொனாதன் சில்வர்டவுனும் அவருடைய கூட்டாளிகளும் 1993-ல் 66 வகைத் தாவரங்களின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மர வகைகளில் கூட்டம் பெருகுவதா, தேய்வதா என்பதில் விதை எண்ணிக்கையைவிட, இருப்பவை உயிரோடு நீடிப்பதற்கே எடை அதிகமாக இருந்தது. பனை மாதிரி மெதுவாகப் பருவத்துக்கு வருகிற மரத்துக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று யோசியுங்கள். ஊர் ஊராகப் பனை விதை நடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். ஆனால் செங்கல் சூளைக்கு ஒரு காய்ப்பு மரம் போனால், இன்று நட்ட கொட்டை அந்த இடத்துக்கு வர 12 வருஷமாவது ஆகும், அதுவும் பிழைத்தால். 2021-ல் தமிழக வேளாண் பட்ஜெட்டில், பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்களே, விதை கொடுக்கிற திட்டத்தைவிட அதையே நான் பெரிதாக நினைக்கிறேன். பார்த்தீனியத்துக்கு எல்லாமே தலைகீழ். அதன் பலம் முழுக்க விதையில் இருப்பதால், பூப்பதற்கு முன்னால் பிடுங்கினால்தான் பிடுங்கியதாகக் கணக்கு.

நம்மிடம் இல்லாதது நம் ஊருக்கான எண்கள்தான். ஒரு ஏரிக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். முளை எத்தனை, வடலி என்கிற இளம்பனை எத்தனை, பாளை விட்ட மரம் எத்தனை என்று தனித்தனியாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போடுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் போய், எது நிற்கிறது, எது போயிற்று, எந்த வடலி மரமானது என்று குறியுங்கள். சில ஆண்டு தொடர்ந்து செய்தால், நான் கற்பனையாகச் சொன்ன 0.9-க்கும் 0.001-க்கும் பதிலாகக் கடலூர்ப் பனையின் உண்மையான எண்களைப் போட்டுக்கொள்ளலாம். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். எந்த ஏரியில் தொடங்கலாம் என்று பேசுவோம்.