பெட்டியே போடும் விளம்பரம்

வணக்கம் நேயர்களே. தொலைக்காட்சி விளம்பரங்களைக் குறை சொல்ல என்னை வானொலிக்கு அழைத்திருக்கிறார்கள். இங்கேயும் விளம்பர இடைவேளை உண்டு என்பதை நான் மறந்துவிடவில்லை!

சேனல்கள் நடுவில் போடும் விளம்பரத்தை விட்டுவிடுவோம். நிகழ்ச்சிக்கு ஆகும் செலவை அவர்கள் எப்படியாவது எடுத்தாக வேண்டும். எனக்கு உறுத்துவது பெட்டியே போடும் விளம்பரம். ஸ்மார்ட் டிவியைப் போட்டதும் முகப்புத் திரையை அடைத்துக்கொண்டு வந்து நிற்கிறதே, அதுதான். காசு கொடுத்து வாங்கிய பொருளில் இது எதற்கு?

பெட்டி விற்பதில் லாபம் குறைவு. விற்ற பிறகு விளம்பரத்திலும், நாம் எதைப் பார்க்கிறோம் என்ற தகவலிலும் வருமானம் தேடுகிறார்கள். அதற்கென்றே ஏசிஆர் என்ற தொழில்நுட்பம் இருக்கிறது. திரையில் ஓடும் காட்சியை, ஒலியைத் துணுக்குத் துணுக்காக எடுத்து, கைரேகையை ஒப்பிடுவதுபோல் தங்கள் சர்வரில் ஒப்பிட்டு, ஓடுவது இன்னதென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் விஸியோ நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளில் பார்ப்பவர்களின் சம்மதம் இல்லாமல் இப்படித் தகவல் திரட்டியதாக வழக்கு வந்தது. 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி அதை முடித்துக்கொண்டார்கள்.

இந்த வேவு வேலையை செட்டிங்ஸில் அணைக்கலாம். ஆனால் பெயரைப் பார்த்தால் வேவு என்றே தோன்றாது. சாம்சங்கில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’. அணைத்தால் கண்காணிப்பு குறையும். விளம்பரம் வருவது நிற்காது. கூகுள் டிவி வைத்திருப்பவர்கள் ‘ஆப்ஸ் ஒன்லி மோட்’ போட்டால் முகப்பில் பரிந்துரைகள் பெரும்பாலும் ஒழியும். அதோடு குரல் தேடல் போன்ற சில வசதிகளும் போய்விடும்.

விவரம் தெரிந்தவர்கள் ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியை, அதாவது எந்த சர்வர் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டும் சேவையின் முகவரியை மாற்றி, விளம்பர சர்வர்களைத் தடுப்பார்கள். ஆட்கார்ட் போன்ற இலவசச் சேவைகள் இதற்கு உண்டு. முகப்பு விளம்பரங்கள் பலவும் இதில் அடங்கிவிடும். யூடியூப் மட்டும் அடங்காது. அங்கே வீடியோவும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

என்னைக் கேட்டால், டிவிக்கு இணையமே கொடுக்காதீர்கள் என்பேன். அதை வெறும் திரையாக வைத்துக்கொண்டு, லேப்டாப்பையோ விளம்பரத் தொல்லை குறைந்த வேறொரு சிறு பெட்டியையோ ஹெச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிப் பாருங்கள். டிவிக்கு இணையம் இல்லாவிட்டால் புது விளம்பரம் இறங்க வழியில்லை, திரட்டிய தகவலை அனுப்பவும் வழியில்லை. மென்பொருள் புதுப்பிப்பு வேண்டுமென்றால், பல நிறுவனங்கள் பென் டிரைவ் மூலம் ஏற்றிக்கொள்ள விடுகின்றன.

ஏற்கெனவே வைஃபையில் சேர்த்துவிட்டவர்கள் ஃபேக்டரி ரீசெட் செய்து முதலிலிருந்து தொடங்கலாம். மறுபடி அமைக்கும்போது வரிசையாக ஒப்பந்தங்கள் வரும். ‘எல்லாவற்றுக்கும் சம்மதம்’ என்ற பொத்தான் பெரிதாக இருக்கும். அவசரப்பட்டு அதை அழுத்தாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். விளம்பரம், பார்வைத் தகவல் பற்றியவற்றை மறுத்தாலும் பொதுவாக டிவி ஓடும்.