கை ஓயும் முன்பே விற்றுவிடலாம், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு முன்னால் பேசிய நண்பரின் வேகத்தில் அது எங்கேயோ போய்விட்டது. வீட்டு ஆட்களே பார்த்துக்கொள்ளும் ஐந்தாறு கறவை மாடுகளை வைத்திருப்பதா, விற்றுவிடுவதா? நான் விற்றுவிடலாம் என்கிற அணி. நண்பர் மாட்டின் கண்ணைப் பற்றிப் பேசினார், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் என்றார், கன்றுக்குட்டி துள்ளுவதைப் பார்த்தால் கவலை பறந்துவிடும் என்றார். எல்லாம் உண்மை, நானும் கைதட்டினேன். ஆனால் அவ்வளவு நேரப் பேச்சில் சாணி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லையே, கவனித்தீர்களா? தொழுவத்துக்குள் தினமும் போகிறவர் பேச ஆரம்பித்தால் அந்தச் சொல்லைத் தாண்டித்தான் கண்ணுக்கு வந்திருப்பார்.

இதைக் கிண்டலுக்காக மட்டும் சொல்லவில்லை. விற்க வேண்டாம் என்று வீட்டில் மிகச் சத்தமாகச் சொல்பவர் யார் என்று பாருங்கள், பெரும்பாலும் அவர் கறக்காதவர். வேலைக்காக வெளியே போய்விட்டு விடுமுறைக்கு வந்து கன்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போகும் பிள்ளை சொல்வார், "அம்மா, மாட்டை மட்டும் கொடுத்துவிடாதே" என்று. அம்மா ஒன்றும் சொல்லமாட்டார், ஏனென்றால் மாலைக் கறவைக்கு நேரமாகிவிட்டது.

சரி, அந்த அம்மாவின் நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பேச்சுக்கு 6 மாடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறப்பது, கழுவுவது, சாணி அள்ளுவது, தீவனம் வைப்பது, தண்ணீர் காட்டுவது, பால் கொண்டுபோய் ஊற்றுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்துக் காலையில் 3 மணி நேரம், மாலையில் 3 மணி நேரம். ஒரு நாளைக்கு 6, வருடத்துக்கு 2190 மணி நேரம். இதை 8 மணி நேர வேலை நாளாக மாற்றினால் 270 நாளுக்கு மேல் வருகிறது, அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுநேர வேலை. ஆனால் முழுநேர வேலைக்கு வார விடுமுறை உண்டு, இதற்குக் கிடையாது, காய்ச்சல் வந்தாலும் கிடையாது, வீட்டில் கல்யாணம் என்றாலும் முகூர்த்தம் முடிந்த கையோடு யாராவது ஒருவர் தொழுவத்துக்கு ஓடியாக வேண்டும். எதிரணி நண்பர் "தினமும் கைக்குக் காசு வருகிறதே" என்றார். வருகிறது. பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும் என்பது மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், அது போக மருந்து, சினை ஊசி, கொட்டகைப் பராமரிப்பு, இதையெல்லாம் கழித்து மிச்சம் நிற்பதை லாபம் என்கிறோம். அந்த 2190 மணி நேரத்துக்குக் கூலி போட்டுவிட்டு மறுபடி கழித்துப் பாருங்கள். பல வீடுகளில் அந்த நோட்டை மூடி வைத்துவிடுவார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான், நடுவர் அவர்களே. இந்த மாடுகள் எல்லாம் ஒரே ஒருவருடைய இடுப்பிலும் முழங்காலிலும் மணிக்கட்டிலும் நிற்கின்றன. அந்த உடம்பு தாங்கும்வரை எல்லாம் அழகாக இருக்கும். அது ஒருநாள் தாங்காமல் போகும்போது மாடு எப்படியும் விற்கப்படும், ஆனால் அன்றைக்கு விலையையும் வாங்குபவரையும் தீர்மானிப்பது நாமாக இருக்கமாட்டோம்.

உடம்பு ஒரே நாளில் விழுவதில்லை என்பதுதான் இதில் பெரிய சிக்கல். கை வலிக்கிறவர் கடைசிச் சொட்டுவரை கறக்கமாட்டார், அவரால் முடியாது. மடியில் பால் தேங்கினால் சுரப்பு குறையும். கொஞ்ச நாளில் மடிநோய் எட்டிப் பார்க்கும், அதிலும் வெளியே தெரியாத வகை ஒன்று இருக்கிறது, வீக்கம் இல்லை, பாலில் திரி இல்லை, பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும், பால் மட்டும் குறைந்துகொண்டே போகும். "தீவனம் சரியில்லை" என்று தீவனத்தை மாற்றிப் பார்ப்பார்கள். மடிநோய்க்கு ஊசி போட்டால் மருந்தின் தாக்கம் போகும்வரை அந்தப் பாலை ஊற்றக் கூடாது, ஆனால் மாடு சாப்பிடுவதை நிறுத்தாது.

அப்புறம் சினை. எதிரணியில் யாரும் இதைத் தொடவில்லை, இங்கேதான் சின்னப் பண்ணை தோற்கிறது. வருடத்துக்கு ஒரு கன்று வேண்டும் என்றால், சினைக்காலம் சுமார் 280 நாள் போக, மிச்சம் இருப்பது 85 நாள். கன்று போட்ட பிறகு கருப்பை தேறுவதற்கு முதல் 45, 60 நாளை விட்டுவிடுவோம். பாக்கி இருக்கும் நாட்களில் மாடு சினை பிடிக்கத் தயாராகும் பருவம் வருவது ஒருமுறை, கூடிப் போனால் இரண்டுமுறை, ஏனென்றால் அது 21 நாளுக்கு ஒருமுறை வருவது, வந்தாலும் ஒரு நாள்கூட முழுசாக நிற்காது, அதுவும் பல மாடுகள் ராத்திரியில்தான் அறிகுறி காட்டும். பகலெல்லாம் உழைத்துவிட்டு அசந்து தூங்குகிறவர் அதை எப்படிப் பார்ப்பார்? ஒன்று தவறினால் 21 நாள் போச்சு. இரண்டு தவறினால் ஒன்றரை மாதம், அவ்வளவு நாளும் தீவனச் செலவு மட்டும் ஓடும்.

100 மாடு இருக்கிற பண்ணையில் 2 மாடு சினை பிடிக்கவில்லை என்றால் அது கணக்கில் தெரியவே தெரியாது. 6 மாட்டில் 2 என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு மாட்டுக்கும் அடுத்த ஈத்துக்கு, அதாவது அடுத்த கன்று போடுவதற்கு, முன்னால் 2 மாதம் பாலை வற்ற விட வேண்டும் என்பதால் 6 மாடு உள்ள வீட்டில் எப்போதும் ஒன்று வற்றி நிற்கும், அதோடு இந்த இரண்டும் வற்றிச் சேர்ந்துகொண்டால் பாதித் தொழுவம் சும்மா நின்று சாப்பிடுகிறது. யார் மேலும் தப்பு இல்லை. சின்ன எண்ணிக்கையில் அதிர்ஷ்டத்துக்கு ஏற்ற இறக்கம் அதிகம், அவ்வளவுதான்.

"ஆள் வைத்துக்கொள்ளலாமே, கறவை இயந்திரம் வாங்கலாமே" என்று நண்பர் சுலபமாகச் சொல்லிவிட்டார். இயந்திரத்தின் விலை 60 மாட்டுக்குப் பிரிந்து விழுவது வேறு, 6 மாட்டுக்குப் பிரிந்து விழுவது வேறு. இயந்திரம் சாணியும் அள்ளாது. ஆள் வைத்தால், நான் இப்போது சொன்ன அந்தக் கூலி முதல்முறையாக நிஜமாகவே கையை விட்டுப் போகும், அப்போதுதான் நோட்டைத் திறப்பார்கள்.

எதிரணியின் வாதங்களில் ஒன்று மட்டும் எனக்கு உறைத்தது, ஒப்புக்கொள்கிறேன். நம் வீட்டிலேயே பிறந்து, தாய், பாட்டி என்று வரிசை தெரிந்த மாடுகளை விட்டால் மறுபடி சேர்க்க முடியாது என்றார்கள். உண்மைதான். வெளியிலிருந்து வாங்கும் மாட்டின் குணம் நமக்குத் தெரியாது, ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும், எந்த மாடு எது என்று தெரிந்துகொள்வதற்கே ஒரு ஈத்து போய்விடும். ஆனால் இதே வாதத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு ஒரு சினை ஊசி போடுகிறோம். கன்று பிறக்க 9 மாதத்துக்கு மேல், அது கிடேரியாக, அதாவது பெண் கன்றாக இருந்தால், அந்தக் கிடேரி வளர்ந்து முதல் ஈத்துக்கு வர நன்றாக வளர்த்தாலே 2 வருடத்துக்குக் குறையாது. அதாவது வரிசையைக் காப்பாற்றுகிறேன் என்பவர் ஒவ்வொரு சினை ஊசியிலும் இன்னும் 3 வருடத்துக்கு இந்த உடம்பு இதே மாதிரி உழைக்கும் என்று கையெழுத்துப் போடுகிறார். வயது 65 ஆனவரின் சார்பில் அந்தக் கையெழுத்தைப் போடுவது யார்?

கட்டாயத்தில் விற்பது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கறக்கிறவர் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். அன்று மாலையே யாரோ பழக்கமில்லாத கை மடியைத் தொடுகிறது, மாடு பாலை விடாமல் அடக்கிக்கொள்கிறது. இரண்டு நாளில் மடி வீங்குகிறது. நாலாவது நாள் வாங்க வருபவர் ஒரு பார்வையிலேயே புரிந்துகொள்வார், இந்த வீட்டுக்காரர்களால் இன்னொரு வாரம் தள்ள முடியாது என்று. அவர் வாயே திறக்க வேண்டாம், நாமே விலையைக் குறைத்துக்கொண்டு வருவோம். அந்த நேரத்தில் எந்த மாடு யாரிடம் போகிறது, அவர் மாட்டை அடிப்பவரா, தண்ணீர் காட்டுபவரா என்றெல்லாம் பார்க்க யாருக்கு நேரம்? கண்ணைப் பற்றிப் பேசினாரே நண்பர், அந்தக் கண்ணுக்காகத்தான் நானும் பேசுகிறேன்.

உடம்பில் தெம்பு இருக்கும்போது விற்றால் அதே மாடு வேறு விதமாகப் போகும். இரண்டாம், மூன்றாம் ஈத்தில், சினை உறுதியான மாட்டுக்கு எப்போதும் ஆள் இருக்கும். வருபவரைக் காலையும் மாலையும் இரண்டு கறவை பார்க்கச் சொல்லலாம், ஊசி போட்ட தேதி, கன்று போட்ட தேதி, வந்த நோய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லலாம், பிடிக்காதவருக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். புது மந்தையில் போய்ச் சேரும் மாடு கொஞ்ச நாளைக்கு மிரளும், இடம் பிடிக்க மற்ற மாடுகளோடு முட்டிக்கொள்ளும், பால் குறையும். பக்கத்தில் பக்கத்தில் நின்று பழகிய இரண்டை ஒரே வீட்டுக்கு அனுப்ப முடிந்தால் அந்த மிரட்சி குறையும். இப்படியெல்லாம் யோசிப்பது விற்பவருக்கு அவகாசம் இருந்தால் மட்டும் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை, எங்கள் அணிக்காரர்களுக்கும் சேர்த்து. பாதி மனசோடு விற்பவர்கள் நல்ல கறவையை முதலில் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் கேட்டு வருபவர் அதைத்தான் கேட்பார். பாவம் பார்த்துக் கிழடையும் சினை பிடிக்காததையும் வைத்துக்கொள்வார்கள். முடிவில் வேலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், பால் இருக்காது. அதற்குப் பேசாமல் விற்காமலே இருந்திருக்கலாம்.

எதிரணியில் ஒருவர் என்னை முறைத்துப் பார்க்கிறார், "அப்போ கிழட்டு மாட்டை எங்கே அனுப்புவாய்?" என்று கேட்கப் போகிறார், தெரிகிறது. அனுப்ப வேண்டாம் ஐயா, வைத்துக்கொள்ளுங்கள். பால் வற்றிய மாட்டுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கறந்தாக வேண்டும் என்ற கடிகாரம் கிடையாது. தீவனம், தண்ணீர், நிழல் போதும், ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டாலும் ஒன்றும் ஆகாது. ஒன்றே ஒன்றை மட்டும் தனியாகக் கட்டி வைக்காதீர்கள், மாடு கூட்டத்தில் வாழும் பிராணி, தனியாக நின்றால் ஏங்கிக் கத்தும், முடிந்தால் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். பாசம் முழுவதும் அங்கே இருக்கட்டும், மணிக்கட்டுக்கு ஓய்வு கிடைக்கட்டும்.

விற்கக் கூடாத வீடும் ஒன்று இருக்கிறது. "நான் பார்த்துக்கொள்கிறேன், கணக்கு எழுதுகிறேன், எண்ணிக்கையைக் கூட்டுகிறேன்" என்று அந்த வீட்டில் ஒரு இளைஞரோ இளம்பெண்ணோ தன் வாயால் சொன்னால், ஒரு வருடம் காலை மாலை கறந்தும் காட்டினால், நானே அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். அப்பா ஆசைப்படுகிறார், தாத்தா காலத்து மாடு, ஊரில் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் இதில் சேராது. மற்ற வீடுகள் எல்லாம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இந்த மாடுகளை விற்றால் வரும் தொகை இன்று கையில் இருக்கிறது, தொழுவம் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே மாடுகளை இதே விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து கட்டுவீர்களா? தயங்கினால், இன்று கட்டி வைத்திருப்பதும் தினமும் வாங்குவதற்குச் சமம்தான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பாசம், பரம்பரை எல்லாம் நன்றாகப் பேசுங்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன். ஆரம்பிக்கும் முன்னால், இப்போது மணி ஆறாகிவிட்டதே, உங்கள் வீட்டில் யார் கறந்துகொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சபைக்குச் சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.