விசில் ஊதிய பிறகும் பேசத்தான் வேண்டும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம். ‘தொழில்முறைக் கால்பந்தில் நடுவரின் தீர்ப்பை விவாதிப்பது ஆட்டத்தை வளர்க்கிறதா, வதைக்கிறதா?’ என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஆட்டவிதிகளின் ஐந்தாம் விதியை எடுத்துக்காட்டினார். ஆட்டம் தொடர்பான உண்மைகள் குறித்து நடுவர் எடுக்கும் முடிவே இறுதியானது, ஆகவே அதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்றார். இதில் முதல் பகுதி விதியில் இருக்கிறது. ‘ஆகவே’ என்று தொடங்கும் இரண்டாம் பகுதி அவர் சேர்த்துக்கொண்டது. முடிவுற்ற ஆட்டத்தின் கணக்கை மாற்றச் சொல்லி எங்கள் அணியில் யாரும் கேட்கவில்லை. அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்கும் உரிமையைத்தான் கேட்கிறோம்.

அந்த உரிமையால் என்ன கிடைத்தது என்பதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு நாள் போதும். 2010 ஜூன் 27. தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் அன்று இரண்டு நாக்அவுட் ஆட்டங்கள், அதாவது தோற்ற அணி வெளியேற வேண்டிய ஆட்டங்கள். பிற்பகலில் புளூம்ஃபோன்டெய்னில் ஜெர்மனியும் இங்கிலாந்தும் மோதின. ஜெர்மனி 2-1 என முன்னிலையில் இருந்தபோது இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்டு உதைத்த பந்து மேல்கம்பத்தில் பட்டு, கோல் கோட்டைத் தெளிவாகத் தாண்டி உள்ளே விழுந்து, மறுபடி எழும்பி வெளியே வந்தது. உருகுவே நாட்டு நடுவர் ஹோர்ஹே லாரியோண்டாவும் துணை நடுவரும் அதைக் காணவில்லை. சமநிலைக்கு வந்திருக்க வேண்டிய ஆட்டம் 4-1 என்று முடிந்தது.

அன்றிரவு ஜோகன்னஸ்பர்க்கில் அர்ஜென்டினாவும் மெக்சிகோவும் ஆடின. ஆஃப்சைடில், அதாவது விதி அனுமதிக்காத அளவுக்கு எதிரணிக் கோலுக்கு அருகில், நின்ற அர்ஜென்டினாவின் கார்லோஸ் டெவெஸ் தலையால் முட்டிய பந்து கோலாக அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நொடிகளில் அரங்கின் பெரிய திரையிலேயே அந்தக் காட்சி ஓடியது. மெக்சிகோ ஆட்டக்காரர்கள் திரையைக் காட்டி முறையிட்டார்கள். இத்தாலிய நடுவர் ராபர்ட்டோ ரொசெட்டி எல்லைக்கோட்டுக்குச் சென்று துணை நடுவரிடம் பேசினார். ஆனால் திரையில் ஓடிய காட்சியை வைத்து முடிவை மாற்ற அன்றைய விதியில் இடமில்லை. கோல் நின்றது. நடுவர் அவர்களே, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். அரங்கில் கூடியிருந்த அத்தனை பேரும் உண்மையைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அந்த உண்மையைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி கட்டிப்போட்டிருந்த ஒரே மனிதர் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர். அந்த இரவில் ரொசெட்டிக்கு நேர்ந்ததை விடக் கொடுமையான நிலையை ஒரு நடுவருக்கு என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், அதாவது அதே 2010 மார்ச்சில்தான், ஆட்டவிதிகளை வகுக்கும் சர்வதேச கால்பந்து சங்க வாரியம், பந்து கோட்டைத் தாண்டியதா என்று கருவியால் கண்டறியும் கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வேண்டாம் என்று கதவை மூடியிருந்தது. தொழில்நுட்பம் அப்போதும் இருந்தது. கேட்பதற்குத்தான் மனம் இல்லை. ஜூன் 27க்குப் பிறகு உலகம் முழுவதும் எழுந்த விவாதம் அந்த மனத்தை மாற்றியது. இரண்டே நாளில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் அன்றைய தலைவர் செப் பிளாட்டர் இங்கிலாந்திடமும் மெக்சிகோவிடமும் வருத்தம் தெரிவித்து, மூடிய கோப்பை மறுபடி திறப்பதாகச் சொன்னார். 2012 ஜூலையில் வாரியம் ஒப்புதல் தந்தது. 2014 பிரேசில் உலகக் கோப்பையில் பந்து கோட்டைத் தாண்டியதும் நடுவரின் கைக்கடிகாரம் அதிர்ந்தது. ‘நடுவர் சொல்லிவிட்டார், பேசாதீர்கள்’ என்று எல்லோரும் 2010இல் வாயை மூடியிருந்தால் அந்தக் கடிகாரம் அதிர்ந்திருக்குமா?

விதி திருந்துவதற்கு எப்போதும் ஆண்டுக்கணக்கில் ஆவதில்லை. 2021 மார்ச் 4ஆம் தேதி இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் ஃபுல்ஹாமும் டோட்டன்ஹாமும் ஆடின. எதிரணி ஆட்டக்காரர் விலக்கியடித்த பந்து, ஃபுல்ஹாமின் மாரியோ லெமினாவின் கையில், அவர் விலக நேரமே இல்லாத தூரத்திலிருந்து வந்து மோதியது. அதைத் தொடர்ந்து சக ஆட்டக்காரர் ஜோஷ் மாஜா அடித்த கோல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அன்றைய விதிப்படி நடுவர் செய்தது சரியே. தவறு விதியில் இருந்தது. அத்தகைய தற்செயலான தொடுதலைக் குற்றமாக்கும் விதியைப் பற்றி அதற்கு முன்பே பலர் குரல் எழுப்பியிருந்தார்கள். மறுநாளே வாரியம் திருத்தத்தை அறிவித்தது. தீர்ப்பைக் கேள்வி கேட்பவன் நடுவரின் எதிரி என்று எதிரணியினர் சொன்னார்கள். இங்கே கேள்வி நடுவரைக் குற்றவாளியாக்கவில்லை. அவர் கையில் தரப்பட்டிருந்த பழுதான விதியைத்தான் சுட்டிக்காட்டியது.

‘காணொளி உதவி நடுவர் வந்த பிறகும் சண்டை ஓயவில்லையே’ என்று இரண்டாவதாகப் பேசிய நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. தனி அறையில் காணொளியைப் பார்த்துக் கள நடுவருக்கு உதவும் அந்த முறை 2018 உலகக் கோப்பைக்கு வந்தபோது கோல், பெனால்டி, ஆட்டக்காரரை வெளியேற்றும் நேரடிச் சிவப்பு அட்டை, அட்டை பெற வேண்டிய ஆளை மாற்றிக் காணுதல் ஆகிய நான்கில் மட்டுமே தலையிட்டது. அதிலும் தெளிவான, வெளிப்படையான பிழையாக இருந்தால் மட்டுமே. பந்து கோட்டைத் தாண்டியதா என்பதற்குக் கருவி விடை சொல்லிவிடும். ஒரு தடுப்பாட்டம் முரட்டுத்தனமானதா வெறும் தாமதமானதா என்பதற்கு எந்தக் கருவியும் விடை சொல்லாது. அது மனித மதிப்பீடு. மதிப்பீடு இருக்கும் வரை விவாதமும் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

2023 செப்டம்பர் 30ஆம் தேதி டோட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்குத் துணை நடுவர் ஆஃப்சைடு கொடி காட்டினார். காணொளி அறையில் இருந்தவர்கள் அது ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டறிந்தார்கள். ஆனால் களத்தில் கோல் தரப்பட்டுவிட்டதாகத் தவறாக எண்ணி, ‘சோதனை முடிந்தது’ என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் தொடர்ந்தது. தவறு புரிந்தபோது ஆட்டத்தை நிறுத்த நெறிமுறை இடம் தரவில்லை என்று கைவிட்டார்கள். லிவர்பூல் 2-1 என்று தோற்றது. எழுந்த கேள்விகளுக்குப் பதிலாக அந்த அறையின் ஒலிப்பதிவு சில நாட்களில் வெளியிடப்பட்டது. அதைக் கேட்டவர்களுக்கு ஒன்று புரிந்தது: அங்கே சூழ்ச்சி இல்லை, அவசரமும் அரைகுறைச் சொற்களும் இருந்தன. விவாதம் வதைக்கிறது என்கிறீர்களே, அந்த நடுவர்கள் மீது விழுந்த சூழ்ச்சிப் பழிக்கு அந்த ஒலிப்பதிவைவிட நல்ல பதில் வேறு எது? கேள்வி எழாமல் இருந்திருந்தால் அந்தப் பதிவு வெளியே வந்திருக்காது.

எதிரணியினர் சொன்னவற்றில் என்னை உண்மையாகவே வருத்திய ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 11ஆம் தேதி துருக்கியில் லீக் ஆட்டம் முடிந்ததும் ஒரு கிளப்பின் தலைவரே களத்தில் இறங்கி நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். கீழே விழுந்தவரை மற்றவர்கள் உதைத்தார்கள். லீக் ஆட்டங்கள் அனைத்தும் நிறுத்திவைக்கப்பட்டன. இதை நான் மழுப்ப மாட்டேன். நடுவர் மீது கை வைப்பவனுக்கும், அவர் குடும்பத்தை மிரட்டுபவனுக்கும் கால்பந்தில் இடமே இருக்கக் கூடாது. ஆனால் அதை விவாதம் என்ற கணக்கில் எழுதாதீர்கள். காரணத்தோடு பேச ஒரு வழி இருக்கும் இடத்தில்தான் கை ஓங்குபவன் தனிமைப்படுவான்.

அந்த வழியை அமைத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஜோகன்னஸ்பர்க் திரையின் கீழே கைகட்டி நிற்க நேர்ந்த அதே ராபர்ட்டோ ரொசெட்டி. 2018 உலகக் கோப்பையில் ஃபிஃபாவின் காணொளி நடுவர் திட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அவர். ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்தின் நடுவர் பிரிவுத் தலைவராக, 2024 ஐரோப்பியக் கோப்பைக்கு முன் ஓர் ஏற்பாட்டை அறிவித்தவரும் அவரே: நடுவரைச் சூழ்ந்து கத்தக் கூடாது, அணித்தலைவர் மட்டும் அருகில் வரலாம், முக்கியமான முடிவுக்கு நடுவர் அவரிடம் காரணம் சொல்வார். தன் தீர்ப்பால் ஒரு நாட்டையே கொதிக்க வைத்த மனிதர், அதன் பின் தேர்ந்தெடுத்தது மௌனத்தை அல்ல, உரையாடலை. 2023 மகளிர் உலகக் கோப்பையில் காணொளி மறுஆய்வின் முடிவை நடுவர்களே ஒலிவாங்கியில் அரங்கம் முழுவதற்கும் அறிவித்ததும் இதே திசையில் எடுத்து வைத்த அடிதான்.

நடுவர் அவர்களே, களத்தில் விசிலோடு ஓடுபவரையும் இந்த மேடையில் அமர்ந்திருக்கும் உங்களையும் தமிழில் ஒரே சொல்லால் அழைக்கிறோம். அவருக்குக் கிடைப்பது அரை நொடி. உங்களுக்கு இரு தரப்பையும் கேட்டு முடிக்கும் அளவுக்கு நேரம் இருக்கிறது. அவரால் அங்கே சொல்ல முடியாமல் போகும் காரணத்தை இங்கே உங்களால் சொல்ல முடியும். வழக்கை உங்கள் முன் வைத்துவிட்டேன். எங்கள் அணிக்கு எதிராகவே தீர்ப்பளித்தாலும் ஏற்றுக்கொள்வோம். ஏன் என்று மட்டும் அவைக்குச் சொல்லிவிட்டுத் தீர்ப்பளியுங்கள். நன்றி, வணக்கம்.