பலூன் வாங்கித் தருகிறேன் என்று சொன்னால்

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும், பிள்ளைகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு கேட்கும் பெற்றோருக்கும் என் வணக்கம்.

'யூத மரபில் பிள்ளைகளுக்கு அறத்தையும் இறைப்பற்றையும் ஊட்டியது பள்ளிக்கூடமா, வீடா?' இதுதான் இன்றைய தலைப்பு. நான் வீட்டின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஆதாரங்களோடுதான் வந்தார். எருசலேமில் தலைமைக் குருவாக இருந்த யோசுவா பென் கம்லா ஊருக்கு ஊர் ஆசிரியர்களை அமர்த்தி, 6, 7 வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார் என்றார். 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 40 ஆனால் துணைக்கு ஒருவர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர் என்று, யூத அறிஞர்களின் சட்டங்களும் விளக்கங்களும் அடங்கிய தால்முத் என்ற நூல் கணக்குப் போட்டதையும் சொன்னார். ஆலயம் கட்டுவதற்காகக்கூடப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தக் கூடாது என்ற வாக்கையும் எடுத்துக்காட்டினார். எல்லாம் சரி. நான் ஒன்றையும் மறுக்கப்போவதில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, தால்முத்தில் பென் கம்லாவைப் பற்றிய அந்தப் பகுதி எப்படித் தொடங்குகிறது என்பதை நண்பர் சொல்லவில்லை. முதலில், அப்பா இருக்கிற பிள்ளைக்கு அப்பாவே கற்றுக்கொடுத்தார். அப்பா இல்லாத பிள்ளை கற்காமலே போயிற்று. தகப்பனை இழந்த அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் ஆசிரியரைத் தேட ஆரம்பித்தார்கள். எவ்வளவு பெரிய மனசு! பென் கம்லாவைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் வீடு கைவிட்ட இடத்தில் தாங்கிப் பிடிக்க வந்ததை, வீட்டுக்கு மேலே தூக்கி வைக்கலாமா?

சரி, ஆரம்பம் எங்கே இருக்கிறது? காலையிலும் மாலையிலும் யூதர்கள் சொல்லும் ஷெமா மன்றாட்டில் இருக்கிறது. 'இஸ்ரயேலே, கேள்' என்று தொடங்கும் அந்த வரிகள் வேதத்தின் உபாகம நூலில் 6ஆம் அதிகாரத்தில் வருகின்றன. இந்த வார்த்தைகளை உன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்று கட்டளையிட்டுவிட்டு, எங்கே, எப்போது என்பதையும் அதுவே சொல்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. மணி அடித்துத் தொடங்கி மணி அடித்து முடிகிற நேரம் எதுவும் அதில் இல்லை. 'சொல்லிக்கொடு' என்ற இடத்தில் வரும் எபிரேயச் சொல்லுக்குக் கூர்தீட்டு என்றும் பொருள் கொள்வார்கள். தினமும் புழங்குகிற அரிவாள்மனையை அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கிறதே, அப்படி. இதே வரிகளை எழுதிய தோல்சுருளைத்தான் மெசூசா என்று வீட்டு நிலைக்காலில் பதித்து வைக்கிறார்கள்.

தகப்பன் மகனுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் என்று தால்முத் ஒரு பட்டியல் போடுகிறது. தோரா, அதாவது வேதம், கற்பிக்க வேண்டும், ஒரு தொழில் கற்பிக்க வேண்டும். நீச்சலும் கற்பிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். தொழில் கற்றுக்கொடுக்காதவன் மகனுக்குக் கொள்ளையடிக்கக் கற்றுக்கொடுக்கிறான் என்கிறார் ரபி யெகுதா என்ற வேத அறிஞர். வேதமும் நீச்சலும் ஒரே பட்டியலில்! பிள்ளையின் ஆன்மா ஒரு பக்கம், வயிறும் உயிரும் இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கிற எண்ணமே அவர்களுக்கு இல்லை. வீட்டில் இருந்து பார்ப்பவருக்குத்தான் பிள்ளை அப்படி முழுதாகத் தெரியும்.

அதே தால்முத்தில் இன்னொரு வரி. பிள்ளையிடம் ஒன்றைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் இருக்காதே, அவனுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் ஆகிவிடுவாய் என்கிறார் ரபி ஸேரா. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மகளுக்கு நாலு வயது இருக்கும்போது ஊசி போடக் கூட்டிப்போனேன். அழுதாள். "அழாம இரு கண்ணு, வரும்போது பலூன் வாங்கித் தரேன்" என்றேன். அழுகையை அடக்கிக்கொண்டு கையை நீட்டினாள். திரும்பும்போது எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. பலூன்காரர் நின்றிருந்த முனையைத் தாண்டி வண்டியை விட்டேன். முன்னால் நின்றுகொண்டிருந்தவள் தலையைத் திருப்பிப் பலூன்களைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அழுது கேட்டிருந்தால்கூட நிறுத்தி வாங்கியிருப்பேன். கேட்கக்கூட இல்லையே! அம்மா சொன்னால் நடக்கும் என்று இல்லை என்பதை அந்த முனையிலேயே படித்துவிட்டாள். நண்பர்களே, அந்தப் பாடத்தை எந்த ஆசிரியர் வந்து அழிப்பார்?

இதற்கு ஒட்டியே இன்னொரு சொல்லும் உண்டு. கடைத்தெருவில் பிள்ளை பேசுகிற பேச்சு ஒன்று அப்பாவுடையது, இல்லை அம்மாவுடையது. அவ்வளவுதான். ஆசிரியருடையது என்று சொல்லவில்லை.

இப்போது, யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை, சூரியன் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு யூத வீட்டுக்குள் போவோம். மேசையில் வெள்ளை விரிப்பு. அதன்மேல் துணியால் மூடிய இரண்டு பின்னல் ரொட்டிகள். விளக்கேற்றுவதற்கு முன் உண்டியலில் காசு போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு அலமாரி எட்டாது, தூக்கிப் பிடிக்கிறார்கள். அது விரல்களைப் பிரித்துக் காசை விடுகிறது. டங் என்று ஒரு சத்தம். அந்தக் காசுக்கு செதாக்கா என்று பெயர். கொடை என்று நாம் சொல்வோம், ஆனால் அந்தச் சொல்லின் வேர் நீதி. ஏழைக்குக் கொடுப்பது நம் பெருந்தன்மை இல்லை, அவருக்குச் சேர வேண்டியது. நம் 'தர்மம்' என்ற சொல்லும் இந்த இரண்டையும் சேர்த்துத்தானே சுமக்கிறது? இந்த விளக்கமெல்லாம் அந்தக் குழந்தைக்குப் பத்து வருடம் கழித்துப் புரியட்டும். ஓய்வுநாள் பிறக்கும்போது கை முதலில் கொடுக்கத் திறந்தது, அது உடம்பில் ஏறிவிட்டது.

அப்புறம் அம்மா விளக்கேற்றிக் கண்களைக் கையால் மூடிக்கொள்கிறாள். பிறகு அம்மாவோ அப்பாவோ பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார்கள். மகளுக்கு, குலத்தின் ஆதித் தாய்மாரான சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாளைப் போல இரு என்று. மகனுக்கு, எப்பிராயீம், மனாசேயைப் போல இரு என்று. ஆபிரகாமைப் போல, மோசேயைப் போல என்று சொல்லியிருக்கலாமே? எப்பிராயீமும் மனாசேயும் எகிப்தில் பிறந்த பிள்ளைகள், யோசேப்பின் மகன்கள். தாத்தா யாக்கோபு கைகளைக் குறுக்கே மாற்றி வைத்து இளையவனை முன்னால் நிறுத்தினார். அண்ணன் தம்பிக்குள் பொறாமை வந்ததாக எங்கும் எழுதப்படவில்லை. காயின் முதல் யோசேப்பின் அண்ணன்மார் வரை உடன்பிறந்தோர் பகையால் நிறைந்த ஒரு நூலில், பகை இல்லாத இந்த இரண்டு பேரைத் தேடி எடுத்து வாரா வாரம் பிள்ளையின் தலையில் வைக்கிறார்கள். வாரம் எப்படிப் போயிருந்தாலும் சரி, அன்று மார்க் குறைந்திருந்தாலும் சரி, அந்தக் கை தலைக்கு வரும்.

பாஸ்கா இரவைச் சொல்லாமல் என் வாதம் நிறையாது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கதையைச் சொல்லும் இரவு அது. ஆலயத்தில் இல்லை, சாப்பாட்டு மேசையில். தொடங்கி வைப்பது வீட்டிலேயே சின்னப் பிள்ளை. "இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறாக இருக்கிறது?" என்று கேட்கும். பெரியவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பிள்ளைகள் தூங்கிவிடாமல் கேள்வி கேட்கட்டும் என்று ரபி அக்கிவா வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பாராம். இன்றும் புளிப்பில்லா அப்பத்தின் ஒரு துண்டை ஒளித்து வைத்து, கண்டுபிடிக்கும் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறார்கள். அந்த இரவில் வாசிக்கும் ஹகதாவில் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். ஒருவன் அறிவாளி, ஒருவன் பொல்லாதவன், ஒருவன் அப்பாவி, ஒருவனுக்குக் கேட்கவே தெரியாது. கேட்கத் தெரியாத பிள்ளைக்கு என்ன செய்வது? 'நீயே அவனுக்குத் திறந்து கொடு' என்கிறது. பொல்லாதவனுக்குக் கடுமையான பதில்தான் கிடைக்கிறது. ஆனாலும் அவனுக்கும் அதே மேசையில் ஓர் இடம் உண்டு. அவனை யாரும் வெளியே அனுப்பவில்லை.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் சாரா ஷெனிரரைக் கொண்டு வருவார் என்று எனக்குத் தெரியும். கொண்டு வர வேண்டிய பெயர்தான். இன்றைய போலந்தின் கிராக்கோ நகரில் தையல் வேலை செய்த பெண், 1917இல் யூதப் பெண் பிள்ளைகளுக்காகப் பெய்ஸ் யாக்கோவ் பள்ளியைத் தொடங்கினார். ஏன் தொடங்கினார்? ஆண் பிள்ளைகளை உட்கார வைத்து வேதம் சொல்லிக்கொடுத்த வீடுகள் பெண் பிள்ளைகளிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அது வீட்டின் குற்றம், நான் மறைக்கவில்லை. ஆனால் வீடு வாயை மூடினால் ஒரு தலைமுறையே கையை விட்டுப் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

கடைசியாக உங்களை போர்ச்சுகலுக்குக் கூட்டிப்போகிறேன். 1497இல் அங்கே யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார்கள். தொழுகைக் கூடங்கள் போயின. எபிரேய நூல்களைப் பிடுங்கினார்கள். பள்ளி இல்லை, ரபி இல்லை. பிறகு, ரகசியமாகப் பழைய மதத்தைப் பின்பற்றியவர்களைத் தண்டிக்கும் சமய விசாரணை மன்றமும் வந்தது. 1917இல் சாமுவேல் ஷ்வார்ஸ் என்ற போலந்து யூதர், சுரங்கப் பொறியாளர், பெல்மோன்ட்டி என்ற மலையூருக்கு வருகிறார். அங்கே சில குடும்பங்கள் ரகசியமாக யூதர்களாகவே வாழ்கின்றன. வெள்ளிக்கிழமை விளக்கை வெளியே தெரியாமல் மறைத்து ஏற்றுகிறார்கள். மன்றாட்டுகள் போர்ச்சுகீசிய மொழியில், பெண்கள் வாய்வழியாகப் பெண்களுக்கு. ஷ்வார்ஸ் தானும் யூதர் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. உங்கள் மன்றாட்டு ஒன்றைச் சொல்லும் என்றார் ஒரு மூதாட்டி. ஷ்வார்ஸ் ஷெமாவை எபிரேயத்தில் சொன்னார். அந்த மொழி அங்கே யாருக்கும் புரியவில்லை. ஆனால் 'அதோனாய்' என்ற இறைவனின் பெயர் வந்ததும் அந்த மூதாட்டி கைகளால் கண்களை மூடிக்கொண்டார். இவர் யூதர்தான், அதோனாயின் பெயர் இவருக்குத் தெரிந்திருக்கிறது என்று சுற்றி இருந்தவர்களிடம் சொன்னார்.

420 வருடம். நடுவர் அவர்களே, அந்த மூதாட்டி எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்பதை எதிரணி நண்பர் சொல்லட்டும். வணக்கம்.