மங்கில் உறையாத பால்

வணக்கம் நேயர்களே. நேற்று பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில் வரும்போது எதிர் இருக்கையில் ஒரு தம்பி. முனைவர் பட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டாம். "வேலைக்கு என்ன ஏற்பாடு தம்பி?" என்றேன். "முதல்ல ஆய்வேட்ட முடிச்சிடுறேன் சார், அப்புறம் பார்த்துக்கலாம்." இந்த 'அப்புறம்' எனக்கு நன்றாகப் பழக்கமானது. நானும் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

1990களில் பினாங்கில் ஆய்வு மாணவனாக இருந்தேன். ஆய்வு கித்தாப் பாலைப் பற்றியது, அதாவது ரப்பர் மரத்துப் பால். மரத்திலிருந்து மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், வடிந்த பால் அப்படியே நிற்காது. கிருமிகள் பெருகி அமிலம் சுரக்கும், பால் உறைந்துவிடும். அதனால்தான் அமோனியா ஊற்றுவார்கள். கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் கெட்டிப் பாலில் சுமார் 0.7 விழுக்காடு அமோனியா இருக்கும். மூக்கைத் துளைக்கும் வாடை. அதைக் குறைக்க முடியுமா என்பதுதான் என் ஆய்வு. பாருங்கள், இன்றைக்கு எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டேன்! அன்றைக்கு இது வரவில்லை.

படிப்பு முடிகிற நேரத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு. "உங்கள் ஆய்வு என்ன?" என்று கேட்டார்கள். நான் ஆரம்பித்தேன். கூழ்மத் துகள், மேற்பரப்பு மின்னேற்றம், புரத உறை... பன்னிரண்டு நிமிடம். மேலாளர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் நிறுத்தவில்லை. வேலை கிடைக்கவில்லை.

அந்த வார இறுதியில் சுங்கைப் பட்டாணிப் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போனேன். பாட்டி தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கு, கையில் உளி, வெயில் ஏறுவதற்குள் வாளி நிறைய வேண்டும். "என்னய்யா அப்படிப் படிக்கிற, வேலையும் குடுக்க மாட்டேங்கிறானுங்க?" என்று கேட்டார். கோபத்தில் மேலாளரிடம் சொன்ன அதே பன்னிரண்டு நிமிடத்தைப் பாட்டியிடமும் ஓட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். முடிந்ததும், "மங்குல பால் உறையாம இருக்கணும், மருந்து வாடையும் அடிக்கக் கூடாது. அதானே?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. நாலு வருட ஆய்வு அவ்வளவுதான்! அடுத்த நேர்முகத்தில் அந்த வரியோடு தொடங்கினேன். எதிரில் இருந்த பொறியாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்படியென்றால் செலவு எவ்வளவு குறையும்?" என்று அவரே கேட்டார். பிறகு நடந்தது பரீட்சை மாதிரியே இல்லை, இரண்டு பேர் பேசிக்கொண்டோம்.

இதே வேலையை உலகம் இப்போது போட்டியாகவே வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கியது. மூன்று நிமிடம், ஒரே ஒரு படம், அதற்குள் முழு ஆய்வையும் சொல்ல வேண்டும். அது பிறந்த கதை வேடிக்கையானது. அங்கே அப்போது கடும் வறட்சி. தண்ணீரை மிச்சப்படுத்த மூன்று நிமிடத்தில் குளித்து முடிக்கும்படி குளியலறைச் சுவரில் சின்ன மணல் கடிகாரம் ஒட்டி வைத்திருந்தார்களாம். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை. உங்கள் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு போட்டி வைத்தால் பெயர் கொடுங்கள், தோற்றாலும் பரவாயில்லை. போட்டியே இல்லையா? சரி, பாட்டி இருக்கிறார்கள். பாட்டி இல்லாவிட்டால் மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரே தேநீர் ஆற்றி ஊற்றுகிற அண்ணன் இருக்கிறார். முதல் வருடத்திலேயே சொல்லிப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், முதல் வருடத்திலேயே.

வீட்டில் இப்படிப் படிக்கிற பிள்ளை உள்ள பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "எப்பப்பா முடிப்பே?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னைக்கு என்ன செஞ்சே?" என்று கேளுங்கள். பதிலில்தான் ரெசியூமே இருக்கிறது. பழுதான கருவிக்காக விற்பனையாளரோடு வாதாடி உதிரிப் பாகம் வாங்கியிருப்பான். இளங்கலை மாணவர் இருபது பேருக்கு ஆய்வுக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பாள். கொடுத்த பணத்துக்குள் வேதிப்பொருள் வாங்கிக் கணக்கு எழுதியிருப்பார்கள். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்காரர் தேடுவது இதைத்தான், ஆனால் பிள்ளைகள் எழுதுவதோ ஆய்வேட்டின் தலைப்பை மட்டும். அதுவும் மூன்று வரித் தலைப்பு!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் ஒரு விரலைக் காட்டுகிறார். பரிந்துரைக் கடிதம் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மேற்பார்வையாளரிடம் முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், இரண்டு வாரம் முன்பே, வேலை விளம்பரத்தையும் ரெசியூமேயையும் சேர்த்துக் கொடுத்துக் கேளுங்கள். விரிவுரையாளர் வேலைக்குக் காத்திருப்பவர்கள் விஷயம் தனி, அதற்கு இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.