அடைக்கலம் கேட்கும் எதிரி

(இராமநாதபுரத்தில் மாணவர்களும் வாசகர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிப் பேச வந்தவன் தனுஷ்கோடியில் தொடங்கலாமா? தொடங்கலாம். 1964 புயலில் ஊரே அழிந்தபோதும் நின்ற கோதண்டராமர் கோயில் அங்கே இருக்கிறது. விபீடணன் அடைக்கலம் கேட்டு வந்த இடம் அது என்பது நம் மக்களின் நம்பிக்கை. கம்பன் அந்தக் கட்டத்தைப் போர்க்கால ஆலோசனைக் கூட்டமாகவே எழுதுகிறான். வந்தவன் எதிரியின் தம்பி, குலத்தில் அரக்கன். சேர்க்கக்கூடாது என்கிறான் சுக்கிரீவன். சாம்பவனும் அப்படியே. அனுமன் மட்டும் நம்பலாம் என்கிறான். அவன் இலங்கைக்குள் போய் அந்த மனிதரை, சரி, அந்த அரக்கரைப் பார்த்துவிட்டு வந்தவன். வென்றாலும் தோற்றாலும் அடைக்கலம் என்றவனை ஏற்றே ஆகவேண்டும் என்று முடிக்கிறான் இராமன்.

சுக்கிரீவனை நான் குறை சொல்ல மாட்டேன். சந்தேகப்பட ஆளில்லாத கதையில் நம்பிக்கைக்கு மதிப்பே கிடையாது.

1898இல் புத்தகமாக வந்த எச்.ஜி.வெல்ஸின் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாவலில் அடைக்கலத்துக்கு இடமே இல்லை. படையெடுத்தவர்களைக் கிருமிகள் கொன்றுவிடுகின்றன. ஆனால் முதல் அத்தியாயத்திலேயே அவர் ஒரு குத்து குத்துகிறார்: இவர்களைக் கொடியவர்கள் என்னும் முன், டாஸ்மேனியப் பழங்குடிகளை ஐரோப்பியரான நாம் எப்படி அழித்தோம் என்று யோசியுங்கள் என்கிறார்.

இரக்கம் வேறு, நம்பிக்கை வேறு. இரக்கத்தை மேலே நின்றுகொண்டே காட்டலாம். 2009இல் வந்த 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தில் ஜோகன்னஸ்பர்க் வானில் வேற்றுக்கிரகக் கப்பல் நிற்கிறது, உள்ளே பசியால் வாடும் உயிர்கள். இறக்கிக் காப்பாற்றுகிறார்கள். பிறகு? முள்வேலி, சேரி, வெளியேற்ற உத்தரவு. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமைக் கடந்து பஸ்ஸில் போகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோறு போடுவது இரக்கம். கதவைத் திறந்து வைக்க நம்பிக்கை வேண்டும்.

அந்த நம்பிக்கை எப்படிப் பிறக்கும்? 1979இல் பேரி லாங்இயர் எழுதிய 'எனிமி மைன்' என்ற குறுநாவல் எனக்குப் பிடித்த பதில். போரிடும் இரண்டு இனங்கள். ஒரு மனிதனும் எதிரி இனத்தைச் சேர்ந்த, பல்லி போன்ற ஒரு டிராக்கும் ஆளில்லாக் கிரகத்தில் விழுகிறார்கள். முதலில் அடித்துக்கொள்கிறார்கள். பிறகு அலையும் குளிரும் ஒருவரையொருவர் தேடவைக்கின்றன. அந்த டிராக் கர்ப்பமாக இருக்கிறது. பிரசவத்தில் தான் பிழைக்காது என்று தெரிந்ததும் குழந்தையை எதிரியிடம் ஒப்படைக்கிறது. அதோடு விடவில்லை. தன் வம்சாவளியை அவனுக்கு மனப்பாடம் செய்விக்கிறது, ஏனென்றால் பிள்ளை ஒருநாள் தன் இனத்தார் முன்னால் நின்று அதைச் சொல்லவேண்டும். யோசித்துப் பாருங்கள், நம் குலத்தின் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கும் வேலையை எதிரியை நம்பி விடுவோமா?

இன்னொன்றும் உண்டு. நம்புகிறவனை அவன் சொந்தக்காரர்களே துரோகி என்பார்கள். விபீடணனை இந்திரசித்து ஏசியதும் அதுதான். மனிதரும் வேற்றுயிரும் கைகுலுக்கும் கதைகளில் இந்த ஏச்சைத் தவிர்க்கிற எழுத்தாளர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

மாணவர்களே, விண்கலம் எப்போதும் நியூயார்க்கில்தான் இறங்கவேண்டுமா? தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் ஒன்றை இறக்குங்கள். முதலில் பார்ப்பவர் ராணுவத் தளபதி அல்ல, நாட்டுப்படகுக்காரர். கடலில் தத்தளிப்பவரைப் படகில் தூக்கிப் போட்டுக்கொள்வது அவருக்குப் பழக்கம். கரைக்கு வந்ததும் விசாரணை வரும் என்பதும் தெரியும். அவர் என்ன செய்வார் என்று எழுதிக் கொண்டுவாருங்கள். ஆங்கிலப் படத்து விஞ்ஞானி மாதிரி மட்டும் அவரைப் பேச வைக்காதீர்கள்.