எங்கள் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும்

(ஏப்ரல் 2, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளையொட்டித் தண்டையார்பேட்டையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம். கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, கடையை விட்டுவிட்டு நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, சான்றிதழுக்காக அலையும் தாய்மார்களை உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசும் மருத்துவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட உரிமையாளர் ஐயா அவர்களே, கேட்டதும் சத்தத்தைக் குறைத்து வைத்த மைக்செட் தம்பி, எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம். கைதட்ட வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டோம். இங்கே ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் தாங்காது. பிடித்திருந்தால் கையைத் தூக்கி அசையுங்கள், போதும்.

மூன்று விஷயங்கள் பேச வந்திருக்கிறேன். ஒன்று, சட்டம். இரண்டு, நேர்முகத் தேர்வு. மூன்று, வேலைப் பயிற்சிக்குப் போய்வரும் வழி.

1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அந்தப் பெயரைச் சேர்த்தது. ஆனால் அதன் கவலையெல்லாம் காப்பாளர், பராமரிப்பு என்பதோடு நின்றது. 2016-ல் வந்த உரிமைச் சட்டத்தில்தான் முதன்முதலாக நம் பிள்ளைகளுக்கு அரசு வேலையில் இடம் என்று எழுதினார்கள். எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்து மொத்தம் 4 சதவீதம். அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு என்று இத்தனை பேரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அந்த வரிசையில் நிற்பதற்கே குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழ் வேண்டும். தனியார் நிறுவனங்களில் 5 சதவீதம் பேர் இருக்கும்படி அரசு ஊக்கம் தரலாம் என்கிறது சட்டம். கட்டாயம் என்று சொல்லவில்லை.

என் பாட்டி அடிக்கடி சொல்வார், உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று. நன்றாகப் படித்து, நாலு வார்த்தை பேசும் பிள்ளையைச் சோதித்துவிட்டு, 40 வரவில்லை, ஒதுக்கீடு இல்லை என்று அனுப்புகிறார்கள். அதே பிள்ளை கம்பெனிக்குப் போனால், ஒரு மாதிரி இருக்கானே, நமக்குச் சரிப்படாது என்று அங்கேயும் அனுப்புகிறார்கள். இரண்டு பக்கமும் இடி.

புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு தம்பி. பி.காம். முடித்தவன். ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அம்மா கூட்டிப்போனார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "உன்னப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுப்பா" என்றார்கள். தம்பி பெயரைச் சொன்னான். "பி.காம்." என்றான். நிறுத்திக்கொண்டான். கேட்டது இரண்டு, சொன்னது இரண்டு. "அவ்ளோதானா?" என்றார் ஒருவர். "ஆமாம்" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் பார்வை மின்விசிறியில் இருந்தது. கையில் கொண்டுபோன கணக்குத்தாள்களை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வெளியே காத்திருந்த அம்மாவிடம் "சொல்லி அனுப்பறோம்மா" என்றார்கள்.

தம்பி அதை அப்படியே எடுத்துக்கொண்டான். தினமும் காலையில் குளித்து, அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சொல்லி அனுப்பறோம் என்றால் வேலை இல்லை என்று பொருள், இதை என் மகனுக்கு எப்படிண்ணே புரிய வைப்பேன் என்று அந்தத் தங்கச்சி என்னிடம் கேட்டார். அவனுக்கு ஏன் புரிய வைக்க வேண்டும்? இல்லை என்பதை இல்லை என்று சொல்ல அந்த மூன்று பேருக்கு என்ன கஷ்டம்?

பிறகு எம்.சி. ரோட்டில் மேட்சிங் ரவிக்கைத் துணி விற்கும் அண்ணாச்சி ஒருவரிடம் போய் நின்றார் அந்தத் தங்கச்சி. சம்பளம் வேண்டாம், ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் என்றார். அண்ணாச்சி சொன்னாராம், "சும்மா வேல வாங்குனா நமக்கு ஒட்டாதும்மா. ஒரு வாரம் வரட்டும், கூலி உண்டு." தொழிற்சங்கத்தில் வளர்ந்தவன் நான். இந்தப் பதிலுக்காகவே அவருக்கு ஒரு பொன்னாடை போடலாம். பழகட்டும் என்று சொல்லி மாசக்கணக்கில் சும்மா வேலை வாங்குகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

முதல் நாள் கடையில் ஒரே அமளி. ஒரு அம்மா புடவையை நீட்டி மேட்சிங் கேட்டார். தம்பி வாங்கினான், பேசாமல் கடையை விட்டு வெளியே நடந்தான். "இன்னாய்யா இது, பொடவையத் தூக்கினு போறான்!" என்று அந்த அம்மா கத்த, நாலு பேர் பின்னாலேயே ஓடினார்கள். தம்பி ஓடவில்லை. படிக்கட்டில் வெயில் விழும் இடத்தில் நின்று புடவையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். டியூப்லைட் வெளிச்சத்தில் நீலமும் ஊதாவும் ஒன்றுபோலத் தெரியும், துணிக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்தான். எடுத்துப் போட்டிருந்த துணியைத் தள்ளினான். அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்தான். "இது இல்ல. இது." அவ்வளவுதான். புடவைமேல் வைத்துப் பார்த்தார்கள். நூல் பிசகவில்லை. அந்த அம்மா மேலும் இரண்டு ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு போனார்.

பேசத் தெரியாதவன், திமிர் பிடித்தவன் என்று கூட வேலை செய்கிறவர்கள் முதலில் சொன்னார்கள். அண்ணாச்சி ஓர் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் அன்றன்றைய வேலையை வரிசையாக எழுதித் தொங்கவிட்டார். நாளைக்குக் கடை சீக்கிரம் திறப்பதானால் முந்தின நாள் சாயந்திரமே சொல்லிவிடுவார். தீபாவளிக் கூட்டத்தில் தம்பிக்குப் பின்னால் கிடங்கில் வேலை. அடுக்கிய துணிச் சுருள்களை நிறவாரியாகப் பிரித்து எண் ஒட்டுவான். இதற்கெல்லாம் ஆன செலவு அந்த ஸ்கெட்ச் பேனா.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பி அதிசயப் பிறவி இல்லை. அவன் நிதானமாகப் பார்க்கிறான், அவ்வளவுதான். ஆட்டிசம் என்றால் மேதையாக இருக்க வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். சாதாரணமாக வேலை செய்யும் பிள்ளைக்கும் சாதாரணமான சம்பளத்தில் வேலை வேண்டும். மேதை இல்லாத நமக்கெல்லாம் வேலை கிடைத்ததே.

மன்னிக்கவும், மாமன்ற உறுப்பினர் அவர்கள் வந்துவிட்டார்கள். வாருங்கள், வணக்கம். இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் நமக்காக ஓடி வந்திருக்கிறார்கள். தம்பிகள் முன்வரிசையில் இடம் கொடுங்கள். மழைக்காலத்தில் நம் பயிற்சி வகுப்புக்குள் தண்ணீர் புகுந்தபோது மோட்டாரோடு வந்து நின்றவர். நம் குழுவின் சார்பில் தலைமையாசிரியர் அம்மா பொன்னாடை அணிவிப்பார்கள். நன்றி, உட்காருங்கள். நீங்கள் இருக்கும்போதே இதைப் பேச நினைத்தேன்.

இந்த வடசென்னைக்கு ஒரு வரலாறு உண்டு. 1918-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி அண்டு சி துணி மில் தொழிலாளர்களோடு சங்கத் தலைவர்கள் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் நின்றார்கள். அன்று முன்வைத்த முதல் கோரிக்கைகளில் மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பதும் ஒன்று. நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடக் கூடுதலாகச் சில நிமிடங்கள். அதைக் கேட்பதற்கே ஒரு சங்கம் தேவைப்பட்டது. நம் பிள்ளைகளுக்கும் நாம் அப்படித்தான் கேட்கிறோம். சத்தம் குறைந்த ஒரு மூலை, எழுதிக் கொடுத்த வேலை, முன்கூட்டியே சொல்லும் ஒரு வார்த்தை. சட்டமும் இதைத் தரவேண்டும் என்றே சொல்கிறது.

இப்போது நம் கோரிக்கைக்கு வருகிறேன். வேலைப் பயிற்சிக்கு எங்கே போவது? மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. நல்ல நிறுவனம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணூர் எங்கே, முட்டுக்காடு எங்கே? கூட்டம் நெரியும் பேருந்தில், காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளையோடு, நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு தாய் போய்வர வேண்டும். அவர் அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது, அந்த நாளின் கூலியும் போச்சு. போகாவிட்டால், பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஆகவே தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மாநகராட்சியின் ஒரு கட்டடத்தில் வேலைப் பயிற்சி மையம் வேண்டும். 2023-ல் வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 1000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். பாலமும் சாலையும் விளையாட்டு அரங்கமும் வரட்டும், சந்தோஷம். அதோடு இதையும் சேருங்கள் என்கிறோம். மையத்தில் தையலும் கணினியும் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. பிள்ளையோடு வேலை இடத்துக்கே போய், முதல் சில வாரம் கூடவே இருந்து, வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் காட்டி, முதலாளிக்கும் கூட இருப்பவர்களுக்கும் எடுத்துச் சொல்லி, பிறகு மெல்ல விலகிக்கொள்ளும் பயிற்றுநர்கள் வேண்டும். மாதச் சம்பளத்துக்கு, நிரந்தரமாக. அந்தத் தம்பிக்கு அவன் அம்மாவும் அண்ணாச்சியும் வாய்த்தார்கள். எல்லோருக்கும் வாய்க்குமா?

வணிகர் சங்கத் தலைவர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் கூலி கொடுத்து வேலையில் நிறுத்திப் பாருங்கள். பிடிக்காவிட்டால் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதற்குத் தயாராக இருக்கும் கடைகளின் பட்டியலை இந்த மாதத்துக்குள் எங்கள் குழுவுக்குக் கொடுத்தால், எந்தப் பிள்ளைக்கு எந்தக் கடை என்று நாங்கள் உட்கார்ந்து பார்த்து அனுப்புகிறோம்.

மையம் கேட்கும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. பெயர், தெரு, கையெழுத்து போதும், ஆதார் எண் எழுத வேண்டாம். பதினெட்டு வயது முடிந்த பிள்ளைகள் அவர்களே கையெழுத்துப் போடட்டும், அவசரப்படுத்தாதீர்கள். மாமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.